கன்னட நாட்டைக் கதைகளிற் கண்டோம்

பெங்களூரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்கு இந்நகரம் தெரியும், இந்நாடு தெரியாது. அல்சூர் ஏரிக்கரை, சிவாஜி நகர்க் கடைவீதி, ஸ்ரீராமபுரத்துச் சந்துகள், கண்டோன்மெண்டு ரயில் நிலையம் ஆகியவை நமக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. ஆனால் நகர எல்லையைக் கடந்தவுடன் தொடங்கும் கன்னட நாட்டைப் பற்றி நம்மைக் கேட்டால், மைசூர் அரண்மனை, ஜோக் அருவி, ஹம்பியின் கல் ரதம் என்று மூன்று நான்கு சொல்லி நிறுத்திக்கொள்வோம். விடுமுறை கிடைத்தால் நம் கால்கள் ஓடுவது சேலத்திற்கும் சென்னைக்கும் செல்லும் வண்டிகளை நோக்கியே. ஹாசன், கடூர், சிவமொக்கா என்பன பயணச் சீட்டில் அச்சாகும் ஊர்ப் பெயர்களாக மட்டுமே நம்மிற் பலருக்கு நின்றுவிட்டன.

இதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 1864-ஆம் ஆண்டில் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கண்டோன்மெண்டுக்கு வந்து சேர்ந்த ரயில் பாதைதான் இந்நகரைச் சென்னையோடு பிணைத்தது. பின்னாளிலும் பெங்களூர்க் கோட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னக ரயில்வேயிலேயே நெடுங்காலம் இருந்தது. 2003-இல் தென்மேற்கு ரயில்வே அமைந்த பின்னரே அதன் தலைமை ஹுப்பள்ளிக்குச் சென்றது. ஆகவே இரும்புப் பாதையோடு வந்த நம் முன்னோர்க்குக் கிழக்குத் திசை ஒன்றே ஊர்த் திசையாயிற்று. மேற்கும் வடக்கும் பிறர் ஊர்களாகவே இருந்துவிட்டன.

இந்த அறியாமைக்கு நாம் விலை கொடுத்திருக்கிறோம். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையையொட்டி 1991 டிசம்பரில் இந்நகரில் தமிழர்க்கு நேர்ந்ததை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் எரிந்ததையும், நகரின் பல பகுதிகளில் ஊரடங்கு விதிக்கப்பட்டதையும் நாமே கண்டோம். அத்தகைய நாட்களில் இரு சாராரும் ஒருவரையொருவர் செய்தித்தாளின் தலைப்பெழுத்துக்களில் மட்டுமே காண்கின்றனர். அடுத்த வீட்டுக் கன்னடக் குடும்பத்தின் அடுப்பங்கரையில் என்ன கவலை இருக்கிறது, அவர்கள் எந்த ஊரிலிருந்து எதற்காக இந்நகருக்கு வந்தார்கள் என்பது தெரியாதவனுக்கு, அக்குடும்பம் ஒரு கூட்டத்தின் பகுதியாகவே தோன்றும். தெரிந்தவனுக்கோ அது ஒரு குடும்பமாகத் தோன்றும். அச்சம் குறைவதற்கு இதனினும் நல்ல மருந்தை நாம் அறியோம்.

நிற்க. நாடு முழுதும் சுற்றிப் பார்க்க நமக்குப் பொழுதேது, பொருளேது? சுற்றினாலும் கோயிலையும் அருவியையும் காணலாமேயன்றி, ஒரு வீட்டின் உள்ளறையைக் காணல் இயலாது. அங்கே நம்மை அழைத்துச் செல்ல வல்லது சிறுகதை. நாவலுக்குப் பல நாள் வேண்டும். சிறுகதைக்கு ஒரு மாலைப் பொழுதே போதும். கன்னட எழுத்து அறியாதவர்க்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர்ப்புகள் உள. அவ்வாறு படித்தவற்றைக் கொண்டு, ஒவ்வொரு ரயில் பாதையாக இந்நாட்டை வலம் வர முயன்றோம். அவ்வலத்தில் கண்டவற்றை அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், நாம் அனைவரும் அறிந்த கிழக்குப் பாதையிலேயே தொடங்குவோம். பெங்களூருக்கும் பங்காருப்பேட்டைக்கும் இடையே மாலூர் என்றொரு நிலையம். கோலார்த் தங்கவயலுக்குச் சென்ற தமிழர் எத்தனையோ பேர் இதனைக் கடந்து சென்றனர். இந்த மாலூர் வட்டத்து மாஸ்தி என்னும் ஊரின் பெயரைத் தம் பெயரோடு தாங்கியவர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார். 1891-இல் பிறந்த இவருடைய வீட்டுமொழி தமிழ். எழுதிய மொழி கன்னடம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பட்டம் பெற்று, மைசூர் சமஸ்தானத்தில் உயர்ந்த பதவிகளை வகித்தார். 1920-இல் வெளிவந்த இவருடைய முதற்றொகுதி கன்னடச் சிறுகதைக்கு வழி வகுத்தது. 1983-ஆம் ஆண்டிற்குரிய ஞானபீடப் பரிசும் இவரை அடைந்தது. தமிழ் பேசும் வீட்டிலிருந்து வந்த ஒருவரைக் கன்னட மக்கள் ‘மாஸ்தி கன்னடத்தின் ஆஸ்தி’ என்று போற்றி வருகின்றனர் என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

இவர் எழுதிய ‘ரங்கனின் திருமணம்’ என்னும் கதை, 11-ஆம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாட நூலிற் பல ஆண்டுகள் இடம் பெற்றிருந்ததால் நம் பிள்ளைகள் சிலரும் அறிவர். ஹொசஹள்ளி என்னும் சிற்றூரின் கணக்கர் மகன் ரங்கன் பெங்களூருக்குப் படிக்கச் சென்று திரும்புகிறான். அவன் எவ்வாறு மாறிவிட்டான் என்று காண ஊரே திரண்டு வருகிறது. ஒரு மூதாட்டி அவன் மார்பைத் தடவிப் பார்த்து, பூணூல் இருக்கிறதென்று கண்டு மனநிறைவு கொள்கிறாள். அவன் பழைய ரங்கனே என்று அறிந்ததும் கூட்டம் கலைகிறது. விடுமுறைக்கு ஊர் சென்ற நம் பிள்ளைகளை, “தமிழ் மறந்துவிட்டதா, சோறு பிடிக்கிறதா?” என்று பாட்டிமார் சோதிப்பதை நாம் காணாததா? வெளியூர் சென்று திரும்பியவனைச் சோதித்தல் எல்லா ஊருக்கும் பொது என்று அறிந்தபோது நமக்குச் சிரிப்பும் வந்தது, ஆறுதலும் வந்தது. ஆயினும் இக்கதையில் ரங்கனுக்கு மணம் முடிக்கப்பெறும் பெண்ணின் வயது பதினொன்றே. ஆசிரியர் நகைச்சுவையாகச் சொல்லிச் சென்றாலும், இன்று படிக்கும் நமக்கு அவ்விடத்தில் நெஞ்சு நெருடுகிறது. ஒரு காலத்து நாட்டைக் கதையிற் காண்பதென்றால் அந்த நெருடலோடு காண்பதேயாகும்.

ஹொசஹள்ளி என்ற பெயரும் நமக்கு ஒரு பாடம். பழங்கன்னடத்தில் ‘ப’ என்று தொடங்கிய சொற்கள் பல, பிற்காலத்தில் ‘ஹ’ என்று மாறின. நம் பால் அவர்களுக்கு ஹாலு, புலி ஹுலி, பத்து ஹத்து, பூ ஹூவு. பள்ளி என்பதே ஹள்ளி. ஹொச என்பது புது. ஆகவே ஹொசஹள்ளி என்பது புதுப்பள்ளியே. நம் எல்லையிலுள்ள ஓசூரும் புத்தூரே. இந்த ஒரு திறவுகோலைக் கையிற்கொண்டால், ரயில் பாதையிலுள்ள ஹள்ளிகள் அனைத்தும் நம்மோடு பேசத் தொடங்கிவிடுகின்றன.

இனி, கடூர் வழியாகச் சிக்கமகளூர் மலைநாட்டுக்குச் செல்வோம். காப்பித் தோட்டங்கள் நிறைந்த முடிகெரெயில் வாழ்ந்தவர் பூர்ணசந்திர தேஜஸ்வி (1938–2007). கவியரசர் குவெம்புவின் மைந்தராயிருந்தும், தந்தையின் நிழலில் நில்லாது தோட்டமும் மீன்பிடிப்புமாகத் தமக்கென ஒரு வாழ்வை அமைத்துக்கொண்டவர். 1973-இல் வெளிவந்த ‘அபச்சூரின தபால் ஆபீஸ்’ இவரது புகழ்பெற்ற தொகுதி. மலைநாட்டுச் சிற்றூருக்குத் தபால் நிலையம் வந்தால் என்னென்ன நேரும் என்பதை அதன் தலைப்புக் கதை காட்டுகிறது. கடிதம் என்பது அன்பை மட்டுமன்றி ஐயத்தையும் வம்பையும் சுமந்து வருகிறது. சுற்றுலா செல்வோர் அம்மலையிற் பனியையும் பசுமையையும் கண்டு மகிழ்வர். தேஜஸ்வியோ அப்பனிக்குள் வாழும் மனிதரைக் காட்டுகிறார்.

எனினும் அவருடைய ‘தபரன கதெ’யைப் போல் நம்மை உலுக்கியது வேறொன்றில்லை. தபர செட்டி அரசின் மிகக் கீழ்நிலை ஊழியன். ஓய்வு பெற்ற பின் ஓய்வூதியம் வரவில்லை. அவன் வேலை பார்த்த காலத்துக் கணக்கில் ஒரு தீராத சிக்கல். காகிதம் ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குப் போகிறது, மீள்கிறது, உறங்குகிறது. வீட்டிலே மனைவிக்கு நீரிழிவு, காலிற் புண். மருத்துவத்திற்குப் பணம் வேண்டும். பணத்திற்கு அந்தக் காகிதம் வேண்டும். காகிதம் அசையுமுன் அவள் மறைகிறாள். அவன் சித்தம் கலங்கிவிடுகிறது. அரசுப் பணியில் எழுத்தராயிருப்பவர் எவரும் இக்கதையைப் படித்துவிட்டு, மறுநாட் காலை தம் மேசைமேல் உள்ள கோப்புக்களைப் பழைய கண்ணோடு பார்க்க முடியாது. அக்கோப்புக்களுள் ஒரு தபரன் இருக்கலாமன்றோ? கிரீஷ் காசரவள்ளி இதனைத் திரைப்படமாக்கியபோது தபரனாக நடித்தவர் பரமக்குடியிற் பிறந்த நம் சாருஹாசன். 1986-ஆம் ஆண்டிற்குரிய சிறந்த நடிகருக்கான தேசிய விருது இதற்காகவே அவருக்குக் கிடைத்தது. படமும் அவ்வாண்டின் சிறந்த படமாகத் தெரிவு செய்யப்பெற்றது. கன்னட ஊழியனின் துயரைத் தமிழ் நடிகர் தாங்கி நிற்க, கன்னட மக்கள் அவரைத் தம் தபரனாகவே ஏற்றுக்கொண்டனர்.

சிவமொக்கா வரை ரயிலிலும் அப்பாற் பேருந்திலும் சென்றால் தீர்த்தஹள்ளி. அதன் அருகிலுள்ள மேளிகெயில் 1932-இற் பிறந்தவர் யு. ஆர். அனந்தமூர்த்தி. இவருடைய ‘கடசிராத்தம்’ ஒரு வேத பாடசாலையில் நிகழும் கதை. பாடசாலை நடத்தும் உடுப்பரின் மகள் யமுனக்கா இளம் விதவை. அவள் கருவுறுகிறாள். உயிரோடிருக்கும் மகளுக்கு, இறந்தோர்க்குச் செய்யும் சடங்கைத் தந்தையே செய்து, குடம் உடைத்து, அவளை விலக்கிவிடுகிறார். இத்தனையையும் பாடசாலையிற் பயிலும் ஒரு சிறுவன் காண்கிறான். அச்சிறுவனுக்கு அவள்பாலுள்ள அன்பு மட்டுமே கதையில் ஈரம். இதனைப் படிக்கையில், ‘இது கன்னட நாட்டு வழக்கம்’ என்று ஒதுக்கிவிட நமக்குத் துணிவில்லை. நம் ஊர்களிலும் விதவையர் பட்ட பாட்டைப் பாட்டிமார் வாய்மொழியாக நாம் கேட்டதில்லையா? பிறர் வீட்டைக் காணச் சென்றவன் தன் வீட்டையே கண்டு திரும்புதல் இக்கதைகளில் அடிக்கடி நேர்கிறது.

மைசூரிலிருந்து சாமராஜநகர் செல்லும் பாதையில் நஞ்சன்கூடு உள்ளது. கோயிலுக்காக நாம் பலரும் சென்றிருப்போம். அவ்வட்டத்திலுள்ள தேவனூரிலிருந்து வந்தவர் தேவனூர் மகாதேவர். 1973-இல் வந்த இவருடைய சிறுகதைகள், அதுவரை கன்னட ஏட்டில் இடம் பெறாத சேரி மக்களின் பேச்சையே கதையின் மொழியாக்கின. ‘அமாச’ என்றொரு கதை. அமாவாசையன்று பிறந்ததால் அமாச என்று பெயர் பெற்ற அநாதைச் சிறுவன், மாரி கோயிலிற் கிழவர் குரியய்யாவோடு வளர்கிறான். மாரி திருவிழாவிற் புலிவேட ஆட்டம் ஆடுகிறான். மாரியும் நம்மவள்; அமாவாசை என்று பெயரிடும் வழக்கமும் நம்முடையது; புலியாட்டமும் நமக்குப் புதிதன்று. ஆனால் கோயிலைக் கண்டு திரும்பிய கண்ணுக்கு, அக்கோயிலூரின் ஓரத்து வாழும் மக்கள் புலப்படவில்லையே! நாலு பக்கக் கதையொன்று அதனைச் செய்து விடுகிறது.

மேலைக் கடற்கரைக்குச் செல்வோம். 1998-இல் முழுமையாகத் திறக்கப்பெற்ற கொங்கண் ரயில் பாதையிற் குந்தாபுரமும் உண்டு; கோகர்ணமும் உண்டு. குந்தாபுரத்துப் பெண்டிரின் பேச்சையும் பெருமூச்சையும் எழுதியவர் வைதேகி. 2009-இற் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றவர். கோகர்ணத்தில் 1955-இற் பிறந்த ஜயந்த் காய்கிணியோ, வேலை நிமித்தம் பம்பாயிற் பல்லாண்டு வாழ்ந்து அந்நகரைக் கன்னடத்தில் எழுதினார். அவருடைய பம்பாய்க் கதைகளின் ஆங்கிலப் பெயர்ப்பு 2018-ஆம் ஆண்டின் தெற்காசிய இலக்கியப் பரிசைப் பெற்றது. அதில் திருமண அழைப்பிதழ் அச்சிட முனையும் ஏழை இளையோர் இருவர், தம் பெயரோடு எதனை அச்சிடுவது என்று திகைக்கின்றனர். பின்னால் நிற்கக் குடும்பம் இல்லாதவர்க்கு அழைப்பிதழும் ஒரு சோதனை. கன்னடரும் நம்மைப் போல் வேற்றூரிற் சென்று ஒற்றை அறையில் வாழ்ந்து, தாய்மொழியை நெஞ்சிற் சுமந்தவர்கள் என்பது இக்கதைகளால் விளங்கும். ‘வந்தேறிகள்’ என்ற சொல் யாரை நோக்கியும் எளிதிற் சொல்லத்தக்கதன்று.

ஹாசன் நிலையத்தில் நம் வலம் முடிகிறது. அங்கு வழக்கறிஞராக விளங்கும் பானு முஷ்தாக், 1990 முதல் 2023 வரை எழுதிய கதைகளுட் பன்னிரண்டின் ஆங்கிலப் பெயர்ப்பு, 2025 மே மாதம் அனைத்துலக புக்கர் பரிசைப் பெற்றது. சிறுகதைத் தொகுதி ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. மனைவிக்காக மாளிகை கட்டுவேன் என்று வாய் ஓயாது அன்பு பேசிய கணவன், அவள் மறைந்த சில நாட்களிலேயே மறுமணம் செய்துகொள்வதை ஒரு கதை சொல்கிறது. இக்கதைகளிற் கன்னடத்தோடு உருதும் அரபும் கலந்து வருகின்றன. மொழிபெயர்த்த தீபா பாஸ்தி அச்சொற்களுட் பலவற்றை அப்படியே விட்டுவைத்தார். படிப்பவர் சற்றே முயன்று அறியட்டும் என்பது அவர் கொள்கை. நாமும் அதனை ஆதரிக்கிறோம். ‘அஜ்ஜி’யைப் பாட்டி என்றும், ‘ஹப்ப’த்தைப் பண்டிகை என்றும் முற்றும் மாற்றிவிட்டால், கதை நம் ஊரில் நடப்பதாகிவிடும், கன்னட நாடு மறைந்துவிடும்.

அயல்நாடுகளிலும் இவ்வழியே பயன்படுகிறது. நம் உறவினர் பலர் குவைத்திலும் துபாயிலும் பணி புரிகின்றனர். அவர்கள் அனுப்பும் பணமும் பேரீச்சம்பழமும் நமக்குத் தெரியும். அரபு மக்களின் மனம் தெரியாது. பாலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானி 1963-இல் எழுதிய ‘வெயிலில் மனிதர்கள்’ என்னும் குறுநாவலில், பிழைப்புத் தேடிக் குவைத்திற்குச் செல்லும் மூவர் தண்ணீர் வண்டியின் வெற்றுத் தொட்டிக்குள் ஒளிந்து எல்லையைக் கடக்க முயன்று, வெம்மையில் மடிகின்றனர். பாலைவனத்திற்குப் பிழைக்கச் செல்லும் துயரம் நமக்கு மட்டும் உரியதன்று என்பதை அதனைப் படித்தவர் மறவார்.

இக்கதைகளை நம்மிடம் சேர்ப்பிப்போர்க்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். மைசூரில் தமிழ்க் குடும்பத்திற் பிறந்த ஏ. கே. ராமானுஜன், குறுந்தொகையையும் கன்னட வசனங்களையும் ஒருங்கே ஆங்கிலத்திற் பெயர்த்தார்; அனந்தமூர்த்தியின் ‘சம்ஸ்கார’வை உலகறியச் செய்ததும் அவர் பெயர்ப்பே. தொலைபேசித் துறையிற் பணிபுரிந்துகொண்டே கன்னடம் கற்ற பாவண்ணன், பைரப்பாவின் ‘பர்வ’வைப் ‘பருவம்’ எனத் தமிழாக்கிச் சாகித்திய அக்காதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றார். சித்தலிங்கையாவின் வாழ்க்கை வரலாற்றை ‘ஊரும் சேரியும்’ என்று தந்தவரும் அவரே. பெங்களூர் வணிகக் குடும்பமொன்றின் கதையாகிய விவேக் ஷான்பாகின் ‘காச்சர் கோச்சர்’ கே. நல்லதம்பி வாயிலாகத் தமிழுக்கு வந்தது. நேமிசந்திராவின் ‘யாத் வஷேம்’ நாவலைத் தமிழாக்கியதற்கு அவர் 2022-ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றார். பகலில் அலுவல், இரவில் மொழிபெயர்ப்பு என்று உழைப்போர் நம் நடுவே இருத்தல் நமக்குப் பெருமை.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். பத்துக் கதைகளைப் படித்துவிட்டுக் கன்னடரை முற்றும் அறிந்தோம் என்று எண்ணலாகாது. மொழிபெயர்ப்பிற் கிடைப்பவை பெரும்பாலும் பழைய மைசூர், மலைநாடு, கடற்கரைப் பகுதிகளின் கதைகள். கலபுர்கி, ராய்ச்சூர் முதலிய வறண்ட வடபகுதிகளின் குரல் நம்மை வந்தடைவது குறைவு. நாளும் இந்நகரிற் கட்டட வேலைக்கு வந்திறங்கும் மக்களுட் பலர் அப்பகுதியினரே. அவர்கள் கதைகளும் தமிழில் வருமாயின் நாம் மேலும் தெளிவோம்.

இறுதியாக, நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் பள்ளியிற் கன்னடம் கற்கின்றனர். பெற்றோராகிய நமக்கோ அவ்வெழுத்துத் தெரியாது. திங்களுக்கு ஒரு கதையைத் தெரிந்துகொள்வோம். பிள்ளை மூலத்தைக் கன்னடத்தில் உரக்கப் படிக்கட்டும். நாம் தமிழ்ப் பெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்போம். ‘ஹ’ வரும் இடத்திற் ‘ப’ வைத்துப் பார்ப்போம். புரியாத சொல்லுக்கு அடுத்த வீட்டு அம்மையாரைக் கேட்போம். கேட்பதற்கென்று ஒரு முறை கதவைத் தட்டுவதே பெரும்பயன். 1991-இல் அல்சூர் ஏரிக்கரையில் நிறுவப்பெற்ற திருவள்ளுவர் சிலை, 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் வரை பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்தது. சென்னை அயனாவரத்திற் சர்வக்ஞர் சிலை திறக்கப்பெறும் என்ற உடன்பாடு ஏற்பட்ட பின்னரே இதன் திரை விலகிற்று. சிலைகளை இரு அரசுகள் திறந்துவைத்தன. புத்தகத்தைத் திறப்பதற்கு எவருடைய உடன்பாடும் வேண்டியதில்லை.